மொஸ்கோவில் விற்ற சேட்டிபிக்கற்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
மார்ச் 4, 2025

ஜெயரட்ணம் அண்ணைக்கு,

நேற்று நீங்கள் ரண்டு தரம் போன் அடிச்சதைக் கண்டனான். எடுக்கேல்லை. இனியும் எடுக்கமாட்டன். நீங்கள் கதைக்கத் தொடங்கினால் அஞ்சு நிமிசத்திலை என்னைச் சிரிக்க வைச்சுப்போடுவீங்கள், நான் கேக்க வந்தது அப்பிடியே போய்விடும். வாட்ஸப்பும் வேண்டாம். அங்கை ஒண்டைப் போட்டால் ரெக்ஸ்டேலிலை இருக்கிற எங்கடை சொந்தக்காரர் எனக்கு முதல் வாசிச்சு முடிச்சிடுவினம். அதுதான் கடிதம். நீங்களும் எழுத்திலேயே மறுமொழி தாங்கோ.

சனிக்கிழமை என்ரை மனுசன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டிலை, பாயாசக் கப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு, அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை என்ன சொன்னனீங்கள்?

"சச்சி இல்லாட்டி நாங்கள் மொஸ்கோவிலை விறைச்சுச் செத்திருப்பம். சேட்டிபிக்கற் வித்தெல்லோ எங்களுக்குக் கோட் வாங்கித் தந்தவன்!"

சொல்லிப்போட்டு நீங்கள்தான் சிரிச்சீங்கள். வேறை ஒருத்தரும் சிரிக்கேல்லை. மகன் வினோதன் கரண்டியை வைச்சிட்டு, "அம்மா, வாட் சேட்டிபிக்கற்?" எண்டு என்னைப் பாத்தான். உங்களுக்கு அடுத்த கதிரையிலை இருந்தவர் அமிர்தநாதர். இவர் படிச்ச பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர். இவற்றை பேரிலை ஊர்ப் பிள்ளையளுக்கு ஒரு புலமைப்பரிசில் தொடங்கப் போகினம் எண்டு உங்களுக்கும் தெரியும். மனுசன் பாயாசத்தைப் பாதியிலை வைச்சிட்டு எழும்பிப் போனார்.

நான் நேராக் கேக்கிறன். நீங்கள் சொன்னது உண்மையோ? உண்மை எண்டால் எத்தினை பேருக்கு வித்தவர்? நாற்பது வருசத்துக்கு மேலை என்னோடை இருந்த மனுசன், மொஸ்கோவைப் பற்றிக் கேட்டால் "சரியான குளிர்" எண்டதுக்கு மேலை ஒரு வசனம் சொல்லாதவர்.

பாலேஸ்வரி


யூனியன்வில்
மார்ச் 9, 2025

அன்புள்ள தங்கச்சி பாலேஸ்வரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அந்த இடத்தில் அந்தக் கதையை நான் எடுத்திருக்கக் கூடாது. சச்சியை நினைத்ததும் அந்தக் கோட்டுத்தான் கண்ணுக்குள் வந்தது. வாய் முந்திவிட்டது.

கேட்டதற்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். ஓம், விற்றான். அது அங்கே சட்டத்துக்கு மாறான வேலை. பிடிபட்டிருந்தால் சிறை, அல்லது அடுத்த விமானத்தில் கொழும்பு. ஆனால் அவனை ஒரு வியாபாரியாக நினைத்துவிடாதீர்கள். மூன்று நான்கு பேருக்குத்தான் கொடுத்தான், அதுவும் தெரிந்தவர்களுக்கு. நானும் ஒருமுறை அவனோடு போய்த் தெருமுனையில் பொலிஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை அந்தக் காலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் கட்டடத்துக்கு முன்னால் வாகனமே இல்லாத நேரத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. குளிர் மூக்கை அறுக்கிறது. எத்தனை பேர் நின்று காத்திருக்கிறார்கள்? அது அப்படியான குற்றம். மொஸ்கோவில் படித்து முடித்துவந்த அநேகமானவர்கள் ஏதோ ஒரு தடவை சேட்டிபிக்கற்றைத் தொட்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் கொடுத்தது ஒன்றும் போலி அல்ல. எல்லாம் அரசாங்கமே அச்சடித்த அசல். அதில் ஒருவருடைய பெயரும் எழுதியிருக்காது. கையில் வைத்திருப்பவனுக்குச் சொந்தம். ஆகவே அவன் எவரையும் ஏமாற்றவில்லை.

இதோடு விட்டுவிடுங்கள், தங்கச்சி. வினோதனுக்கு நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

அன்புடன்,
ஜெயரட்ணம்


டோர்செட் பார்க்
மார்ச் 13, 2025

ஜெயரட்ணம் அண்ணைக்கு,

வினோதனுக்கு நீங்கள் ஒண்டும் சமாளிக்க வேண்டாம். நீங்கள் எனக்குச் சமாளிச்சதே போதும்.

பேர் எழுதாத அசல் சேட்டிபிக்கற்! கையிலை வைச்சிருக்கிறவன் இஞ்சினியர்! நல்ல நாடு, நல்ல படிப்பு. இதை எழுத உங்களுக்குக் கை கூசேல்லையோ? முப்பது வருசம் பள்ளிக்கூடத்திலை பொருளியல் படிப்பிச்ச மனுசன் நீங்கள். உங்கடை பட்டத்திலை பேர் எழுதியிருந்ததோ, இல்லாட்டி நீங்களும் இவரிட்டை வாங்கிப்போட்டு வந்து எழுதினனீங்களோ?

உங்கடை கடிதம் கிடைச்ச அண்டு இவற்றை பட்டத்தை வெளியிலை எடுத்தனான். நீல மட்டை. ஊசி கோக்கிற லென்ஸை வைச்சுப் பாத்தன். மற்றதெல்லாம் அச்சு. பேர் மட்டும் பேனை மையாலை, கையெழுத்திலை. ஒரு பல்கலைக்கழகம் பேரைக் கையாலை எழுதுமோ அண்ணை? எங்கடை சங்கக்கடைப் பில்லிலைதான் அப்பிடி எழுதுவினம்.

இப்பதான் எனக்கு எல்லாம் பொருந்துது. கனடாவுக்கு வந்த நாளிலை இருந்து நான் கெஞ்சினனான். "உங்கடை பட்டத்தைக் குடுத்துப் பதியுங்கோ, எத்தினை பேர் பதிஞ்சு இஞ்சினியரா வேலை செய்யினம்." அதுக்கு இவர், "பாப்பம்." அடுத்த வருசம் கேட்டாலும், "பாப்பம் பாலேஸ்." நான் சோம்பேறித்தனம் எண்டு நினைச்சன். முகத்துக்கு நேரை சொல்லியும் இருக்கிறன். இப்ப விளங்குது. குடுத்தால் பிடிபட்டிருப்பார், அதுதான் குடுக்கேல்லை.

சங்கத்துக் கூட்டம் முப்பதாந் திகதி ஞாயிற்றுக்கிழமை. அமிர்தநாதர் அதுக்குப் பேந்து என்னோடை கதைக்கேல்லை, நானும் கூப்பிடேல்லை. ஊரிலை ஒரு பிள்ளை கஸ்டப்பட்டுப் படிச்சு, பரிசு எடுத்து, பேந்து "இது சேட்டிபிக்கற் வித்தவன்ரை பேரிலை தந்தது" எண்டு கேள்விப்படக் கூடாது. அதுக்கு முதல் எனக்கு முழுக்கதையும் தெரியவேணும். இல்லாட்டி நானே எழுதி இவற்றை பேரை எடுக்கச் சொல்லிப்போடுவன். வினோதன் அழுதாலும் பரவாயில்லை.

பாலேஸ்வரி


யூனியன்வில்
மார்ச் 17, 2025

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் எனக்கு வெளித்தது. வெளித்தவுடன் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு உங்களை நினைத்து வெட்கப்பட்டேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சொல்லை எழுதிக்கொண்டு வேறு வேறு விஷயத்தைக் கதைத்திருக்கிறோம்.

சச்சி விற்றது படிப்புச் சேட்டிபிக்கற் அல்ல. காசு! சோவியத் நாட்டில் சேட்டிபிக்கற் என்பது ஒருவகைக் காசுத்தாளின் பெயர்.

நம்பமாட்டீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் குசினி லாச்சிக்குள் கனேடியன் டயர் கடையின் காசுத்தாள் கிடக்கும். இந்த ஊரில் அநேகமான வீடுகளில் கிடக்கிறது. ஐந்து சதம், பத்துச் சதம், தொப்பி போட்ட ஒரு கிழவரின் படம். அதைத் தமிழ்க்கடைக்குக் கொண்டுபோய் முருங்கைக்காய் வாங்க முடியாது. அந்தக் கடையில் மட்டும் செல்லும். சரி, இனி இப்படி நினையுங்கள். நல்ல சப்பாத்து, நல்ல கோட், ரேடியோ எல்லாம் அந்த ஒரு கடையில்தான் இருக்கிறது. மற்றக் கடைகளில் நீங்கள் வரிசையில் நின்று உள்ளே போகும்போது தட்டு வெறுமை. அப்போது அந்தப் பத்துச் சதத்தாளுக்கு ஆட்கள் ஒரு டொலர் கொடுப்பார்களா, மாட்டார்களா?

அங்கே நடந்தது அதுதான். எத்தனை சோடிச் சப்பாத்து, என்ன அளவில், எந்த ஊருக்கு என்பதையெல்லாம் திட்டம் போடுகிறவர்கள் மேசையில் இருந்து முடிவு செய்வார்கள். காசு அந்த முடிவுக்குப் பின்னால் நடந்து வரும். எங்களுக்கு மாதம் தொண்ணூறு ரூபிள் உதவிப்பணம் தந்தார்கள். காசு இருந்தது, வாங்கப் பொருள் இல்லை. தொழிற்சாலைகளுக்கு இருந்தது இன்னொரு ரூபிள். அது வங்கிக் கணக்கில் இலக்கமாக மட்டும் இருக்கும். தொழிற்சாலை அதிகாரி நினைத்தபடி தாளாக எடுத்துத் தொழிலாளிக்குக் கொடுக்க முடியாது. மூன்றாவது, இந்தச் சேட்டிபிக்கற். வெளிநாட்டில் வேலை செய்து வந்த தங்கள் ஆட்களிடம் டொலரை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இந்தத் தாளைக் கொடுத்தது. இது செல்லும் கடை வேறு, வாசலில் காவல். அதிலும் தரம் உண்டு. டொலர் நாட்டில் உழைத்தவனுக்குக் கோடு இல்லாத தாள், இந்தியா போன்ற நாட்டில் உழைத்தவனுக்கு மஞ்சள் கோடு, சோசலிச நாட்டில் உழைத்தவனுக்கு நீலக் கோடு. எல்லாத்திலும் ரூபிள் என்றுதான் எழுதியிருக்கும்; ஒன்றின் பெறுமதி மற்றதுக்கு இல்லை.

எங்கள் விடுதி வாசலில் சாவி கொடுக்கும் ஒரு அம்மா இருந்தார். 1947இல் அரசாங்கம் பழைய தாள்களை மாற்றியபோது, வீட்டில் வைத்திருந்த பத்து ரூபிளுக்கு ஒரு புது ரூபிள்தான் கிடைத்ததாம். போர்க்காலம் முழுக்கச் சேர்த்தது கரைந்து போயிற்று. 1961இல் திரும்பவும் பத்துக்கு ஒன்று என்றார்கள். ஆனால் அந்தமுறை சின்னச் செப்புக் காசுக் குற்றிகளை மாற்றவில்லை, அப்படியே செல்லும் என்று விட்டுவிட்டார்கள். அந்த அம்மாவிடம் ஒரு ஊறுகாய்ப் போத்தல் நிறையச் செப்புக் குற்றி இருந்தது. ஒரே நாளில் பத்து மடங்கு! "என் வாழ்க்கையில் அரசாங்கம் மறந்துபோய் எனக்குச் செய்த ஒரே நன்மை" என்று சொல்லிச் சிரிப்பார்.

சச்சிக்கு வருகிறேன். லண்டனில் இருந்த அவனுடைய மச்சான் ஒரு ஜீன்ஸ் அனுப்பினார். சச்சி அதைப் போடவில்லை. இந்தியாவில் உருக்காலை வேலை முடித்து வந்த ஒரு ரஷ்யருக்கு விற்றான். அவர் மஞ்சள் கோட்டுத் தாள்கள் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் அந்தக் கடையில் வாங்க எங்களுக்கு உரித்து இல்லை. எனவே தெரிந்த மூன்று நான்கு பேருக்குப் பல மடங்கு சாதா ரூபிளுக்கு மாற்றினான். அந்தக் காசில் மூன்று கம்பளிக் கோட். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு, மற்றது எங்கள் அறையில் இருந்த இன்னொரு பொடியனுக்கு. நாங்கள் கொழும்பில் வாங்கிய ஸ்வெற்றரோடு போய் இறங்கியிருந்தோம்.

பட்டத்தை நாங்கள் ஒருநாளும் சேட்டிபிக்கற் என்று சொன்னதில்லை. அதற்கு அங்கே "டிப்ளோம்" என்று பெயர். எல்லோருடையதிலும் பெயரைக் கையால்தான் எழுதுவார்கள், அழகான கையெழுத்துள்ள ஒருவரை அதற்கென்றே வைத்திருப்பார்கள். என்னுடையதையும் வந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நாங்கள் படித்து முடித்த காலத்தில் அந்தத் தாளுக்குப் பெயரை மாற்றி "செக்" என்று வைத்தார்கள். நல்லகாலம், சச்சி செக் விற்றவன் என்று நான் சொல்லவில்லை. அமிர்தநாதர் பொலிசுக்கே போன் அடித்திருப்பார்.

அன்புடன்,
ஜெயரட்ணம்


டோர்செட் பார்க்
மார்ச் 21, 2025

அண்ணைக்கு,

நீங்கள் ரீச்சர். உதாரணம் சொல்லிச் சொல்லியே பொய்யையும் பாடமாக்கிப்போடுவீங்கள். ஆனபடியால் நான் உங்களை உடனை நம்பேல்லை.

எட்டாம் மாடியிலை ஒரு ரஷ்ய மனுசி இருக்கிறா. உடுப்புத் தோய்க்கிற அறையிலை காணுறனான், சிரிக்கிறதோடை சரி. நேற்று அவ மெசினுக்குள்ளை காசு போடேக்கை, "சோவியத், சேட்டிபிக்கற், மணி?" எண்டு கேட்டன். மனுசி என்னை ஒரு பார்வை பாத்தா. பேந்து நெஞ்சிலை கையை வைச்சுக்கொண்டு சிரிச்சா பாருங்கோ! தன்ரை மாமா எகிப்திலை அணை கட்டப் போய் அந்தத் தாள் கொண்டு வந்தவராம், தனக்கு அதிலை ஒரு சிவப்புக் குடை வாங்கித் தந்தவராம். மஞ்சள் கோடு எண்டு அவவே சொன்னா, நான் சொல்லிக் குடுக்கேல்லை. பட்டத்தையும் கொண்டுபோய்க் காட்டினன். பேரைத் தடவிப் பாத்திட்டு, "குட் ஹாண்ட்" எண்டா. தன்ரையும் அப்பிடித்தானாம்.

சரி. சேட்டிபிக்கற் காசுதான். வினோதனுக்குச் சொன்னன். "ஸோ டாட் சோல்ட் ஜீன்ஸ்?" எண்டு கேட்டு ஒரு மாதத்துக்குப் பேந்து சிரிச்சான்.

ஆனால் அண்ணை, எனக்கு ஒண்டு குறையுது. நீங்கள் நாலு பக்கம் எழுதினீங்கள். சாவி குடுக்கிற மனுசியின்ரை ஊறுகாய்ப் போத்தில் வரைக்கும் எழுதினீங்கள். நான் கேட்ட ஒண்டுக்கு மட்டும் மறுமொழி இல்லை. பட்டம் அசல் எண்டால் இவர் ஏன் இஞ்சை குடுத்துப் பதியேல்லை? உங்கடை பட்டத்தை ஏற்றுக்கொண்டு உங்களுக்கு ரீச்சர் வேலை தந்தவை. அதே மொஸ்கோ, அதே குளிர்.

செத்தவீட்டண்டும் இதைத்தான் சொல்லி அழுதனான். "படிச்ச படிப்பை ஒருநாளும் அனுபவிக்கேல்லையே மனுசன்" எண்டு. அப்ப நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். எல்லாரும் என்னைப் பாத்தவை. நீங்கள் மட்டும் கையிலை இருந்த ரீக் கப்பைப் பாத்தனீங்கள். நான் அழுதுகொண்டு இருந்தாலும் கண் தெரியாத ஆள் இல்லை.

உங்களுக்கு என்னமோ தெரியும்.

பாலேஸ்வரி


யூனியன்வில்
மார்ச் 25, 2025

தங்கச்சிக்கு,

இதைச் சொல்லமாட்டேன் என்று சச்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் இருந்திருந்தால் இன்றைக்கும் கோப்பையைத்தான் பார்த்திருப்பேன். ஆனால் நீங்கள் அவனைக் கள்ளன் என்று நினைத்தது போய், பயந்தவன் என்று நினைத்துக்கொண்டிருப்பதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவன் கொடுத்தான். 1994இல். மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, முறையாகக் கொடுத்தான். மறுமொழி வந்த அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டான். எக்ளின்டன் வீதியில் ஒரு கோப்பிக் கடை, அதன் பாக்கிங் லொட்டில் அவனுடைய பழைய காருக்குள் இருந்தோம். ஐந்தரை வருடப் படிப்பை இங்கே இரண்டு வருடக் கல்லூரிப் படிப்புக்குச் சமம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். இஞ்சினியராக வேண்டும் என்றால் திரும்பப் படித்து, ஒன்றன் பின் ஒன்றாகச் சோதனை எடுத்து, இங்கத்தைய அனுபவமும் காட்ட வேண்டும்.

"படி சச்சி, நான் படிக்கவில்லையா?" என்றேன். நீங்கள் எழுதியதுபோல் அல்ல, என் பட்டத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நான் இரண்டு வருடம் திரும்பப் பல்கலைக்கழகம் போனேன். அந்த இரண்டு வருடமும் என் மனைவி பகலில் தையல் தொழிற்சாலை, பின்னேரம் அலுவலகம் கூட்டுகிற வேலை. அவளுடைய முதுகு அதோடு போனது.

சச்சி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணியை நான் பாத்தனான், மச்சான். பாலேசுக்கு இது தெரிஞ்சால் அவள் நாளைக்கே இன்னொரு வேலை எடுப்பாள். என்னைப் படியுங்கோ எண்டு கலைப்பாள். அவள் மாட்டன் எண்டு சொல்லுற ஆள் இல்லை. ஆனபடியால் நான் குடுக்கேல்லை எண்டே இருக்கட்டும்."

"அவள் உன்னைச் சோம்பேறி என்பாள்" என்றேன்.

"சொல்லட்டும். அதுக்கு முதுகு நோகாது."

கடிதத்தை எனக்கு முன்னாலேயே கிழித்தான். ஆகவே என்னிடம் உங்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. வழக்கமாக எதையும் ஒரு உதாரணத்தோடு சொல்லி முடிப்பவன் நான். இதற்கு இரவு முழுக்க யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜெயரட்ணம்


டோர்செட் பார்க்
மார்ச் 28, 2025

அண்ணைக்கு,

இதைத் தபாலிலை போட்டால் கூட்டம் முடிஞ்சுதான் வரும். வினோதனிட்டைக் குடுத்து விடுறன், ஒட்டித்தான் குடுக்கிறன்.

உங்கடை கடிதத்தை வாசிச்சவுடனை நம்பேல்லை. செத்த ஆளை நல்லவராக்கிறது லேசு. கிழிச்ச கடிதம், மூடின கார், நீங்கள் ஒருத்தர் சாட்சி. என்னை ஆற்ற வேணும் எண்டு நீங்கள் இதையும் ஒரு உதாரணம் மாதிரிக் கட்டியிருக்கலாம். எட்டாம் மாடி மனுசியிட்டை இதைக் கொண்டுபோய்க் கேக்கவும் ஏலாது. ஒரு நாள் முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டு திரிஞ்சன்.

நேற்றுக் கீரை அரிஞ்சுகொண்டு இருக்கேக்கை அந்த வருசம் நினைவு வந்தது. வினோதன் பிறந்து முதல் தரம் ஸ்னோ பாத்த வருசம். நான் எயாப்போட்டுக்குக் கிட்ட விமானத்துக்குச் சாப்பாடு கட்டிற கிச்சினிலை வேலை. வீட்டை வந்து சுடுதண்ணிக்குள்ளை காலை வைச்சுக்கொண்டு இருந்தன். இவர் வந்து நிலத்திலை இருந்தார். பேந்து, "உங்கடை கிச்சினிலை ஆள் எடுக்கினமோ பாலேஸ்?" எண்டார்.

நான் சிரிச்சன். "அங்கை தட்டு அடுக்கிற வேலை. இஞ்சினியருக்கு அங்கை என்ன அலுவல்?"

"நான் நேரா அடுக்குவன்" எண்டார்.

எனக்கு விசர் வந்தது. "படிச்ச படிப்புக்குப் பயப்பிடுற மனுசனை இப்பதான் பாக்கிறன்" எண்டன். இவர் துவாயை எடுத்து என்ரை காலைத் துடைச்சு விட்டார். அடுத்த கிழமை வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தட்டு ஓடிவாற என்ரை பெல்ற்றிலை, எனக்குப் பக்கத்திலை நிண்டார். பென்சன் எடுக்கும்வரை அங்கைதான் நிண்டார். பாரமான ட்ரே வந்தால் எட்டி இழுத்துத் தன்ரை பக்கம் வைச்சுக்கொள்ளுவார். கெதியா முடிக்கிறதுக்கு எண்டு நினைச்சிருந்தன் அண்ணை. எங்கடை சுப்பவைசரும் அப்பிடித்தான் நினைச்சவர்.

இனி ஒரு சாட்சியும் தேவையில்லை.

இண்டைக்குக் காலமை நானே அமிர்தநாதரைக் கூப்பிட்டன். சேட்டிபிக்கற் எண்டால் என்ன எண்டு விளங்கப்படுத்தினன். கனேடியன் டயர் உதாரணத்தைத்தான் சொன்னன், குறை நினைக்காதேங்கோ. மனுசனுக்கு நல்லாப் பிடிபட்டுது. பேந்து, "பேரை எப்பிடிப் போடுறது அக்கா, வெறும் சச்சிதானந்தன் எண்டோ?" எண்டு கேட்டார்.

"பொறியியலாளர் சச்சிதானந்தன் எண்டு போடுங்கோ" எண்டன்.

"இல்லை அக்கா, இஞ்சை லைசன்ஸ் இல்லாமல் இஞ்சினியர் எண்டு போட்டால் பிரச்சினை வருமோ..." எண்டு இழுத்தார்.

"தமிழிலை போடுங்கோ. ஆர் வந்து கேக்கிறான் எண்டு பாப்பம்."

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாங்கோ. மொஸ்கோக் கதையைத் திரும்பச் சொல்லுங்கோ. ஆனால் சேட்டிபிக்கற் எண்டால் என்ன எண்டதை முதல் சொல்லிப்போட்டுச் சொல்லுங்கோ, ஊறுகாய்ப் போத்திலையும் விடாதேங்கோ. வினோதனும் கேக்கட்டும். அந்தப் பாக்கிங் லொட் கதையை மட்டும் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். அது எனக்கு.

பாலேஸ்வரி